நன்னீர்ச் சிற்றுயிர்களில் குறுகியகால நச்சுச் சோதனை

நன்னீர்ச் சிற்றுயிர்களில் குறுகியகால நச்சுச் சோதனை என்பது, வேதிப்பொருள் கலந்த நன்னீரில் முதுகெலும்பில்லாச் சிறு விலங்குகளை இரண்டு நாள், சில முறைகளில் நான்கு நாள் வரை வைத்து, அப்பொருள் எந்த அளவில் அவற்றை முடக்குகிறது அல்லது கொல்கிறது என்று கண்டறியும் ஆய்வக முறை. பூச்சிக்கொல்லி, சாயம், கரைப்பான், மருந்து, ஆலைக்கழிவு ஆகியவை ஏரியிலும் குளத்திலும் கலந்தால் அங்குள்ள உயிர்களுக்கு உடனடியாக என்ன நேரும் என்பதற்கு இச்சோதனை முதல் விடை தருகிறது. விடை எண்ணாகக் கிடைக்கிறது. அந்த எண் சோதித்த உயிரைப் பற்றியது. மற்ற உயிர்களுக்கு அதை நீட்டும்போது எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை, விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் 2023-ல் நடந்த மெத்தனால் துயரம் தெளிவாகக் காட்டுகிறது.

சோதனைக்குரிய உயிர்கள்

உலகெங்கும் அதிகம் பயன்படுவது டாஃப்னியா மேக்னா. தமிழில் தண்ணீர்த்தெள்ளு எனப்படும் ஓட்டுடலிகளில் இது பெரிய இனம். முழுதாக வளர்ந்தால் ஐந்து மில்லிமீட்டர் அளவு இருக்கும். உடல் கண்ணாடி போன்றது. நுண்ணோக்கியில் வைத்தால் துடிக்கும் இதயமும், குடலில் பச்சையாக நிற்கும் பாசியும், முதுகுப் பையில் வளரும் குஞ்சுகளும் தெரியும். நல்ல சூழலில் பெண் உயிரிகள் ஆணின்றியே பெண் குஞ்சுகளை ஈனுகின்றன. அதனால் ஒரே தாய்வழியில் வந்த, மரபில் ஏறத்தாழ ஒன்றேயான குஞ்சுகள் ஆய்வகத்துக்குக் கிடைக்கின்றன. சோதனையில் காணும் வேறுபாடு மரபால் வந்ததா, மருந்தால் வந்ததா என்ற குழப்பம் இதனால் பெரிதும் நீங்குகிறது.

டாஃப்னியா மேக்னா குளிர்நாட்டு உயிர். தமிழகத்து ஏரி, குளங்களில் பரவலாக வாழ்பவை மொய்னா மைக்ரூரா, செரியோடாஃப்னியா கார்னுடா போன்ற சிற்றினங்கள். சென்னை கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்போர் மீன்குஞ்சுக்கு உயிர்த்தீனியாகப் போடும் மொய்னாவும் தண்ணீர்த்தெள்ளு வகையைச் சேர்ந்ததே. இவை தவிர கைரோனமஸ் என்னும் கொசு போன்ற பூச்சியின் செந்நிறப் புழு, நன்னீர் இறால், வயல் நண்டு, ஆப்பிள் நத்தை, நன்னீர் மட்டி ஆகியவற்றையும் இந்திய ஆய்வாளர்கள் நச்சுச் சோதனைகளில் பயன்படுத்தி வந்துள்ளனர்.

சோதனை நடக்கும் விதம்

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு (ஓ.இ.சி.டி) வெளியிட்ட 202-ஆம் எண் வழிகாட்டு நெறியே டாஃப்னியா சோதனைக்குப் பொதுவான விதி. 1984-ல் ஏற்கப்பட்ட இந்நெறி 2004-ல் திருத்தப்பட்டது.

பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகளே சோதனைக்கு எடுக்கப்படும். ஒரு தாயின் முதல் ஈற்றுக் குஞ்சுகள் விலக்கப்படும். ஒவ்வொரு செறிவுக்கும் குறைந்தது 20 குஞ்சுகள் வேண்டும். அவற்றை ஐந்தைந்தாக நான்கு குவளைகளில் பிரித்து விடுவது வழக்கம். ஒரு குஞ்சுக்குக் குறைந்தது 2 மில்லிலிட்டர் கரைசல். குறைந்தது ஐந்து செறிவுகள் அமைக்கப்படும். அடுத்தடுத்த செறிவுகளுக்கு இடையிலான மடங்கு 2.2-ஐத் தாண்டாமல் இருப்பது விரும்பத்தக்கது. பொருள் கலக்காத வெறும் நீரிலும் அதே எண்ணிக்கையில் குஞ்சுகள் விடப்படும்; இது கட்டுப்பாட்டுக் குழு. வெப்பநிலை 18 முதல் 22 டிகிரி செல்சியசுக்குள் நிலையாக இருக்க வேண்டும். 48 மணி நேரமும் உணவு கிடையாது.

24-ஆம் மணியிலும் 48-ஆம் மணியிலும் ஆய்வாளர் குவளையை மெல்ல அசைத்து 15 விநாடி பார்க்கிறார். அதற்குள் நீந்தாத குஞ்சு ‘முடங்கியது’ என்று குறிக்கப்படும். உணர்கொம்பு லேசாக ஆடினாலும் கணக்கு அதுவே. இவ்வளவு சிறிய உயிரில் மரணம் நிகழ்ந்த நேரத்தை உறுதியாகச் சொல்வது கடினம். நீந்த முடியாத தண்ணீர்த்தெள்ளு இயற்கையில் தப்பிப் பிழைப்பதும் அரிது. ஆகவே இறப்புக்குப் பதிலாக முடக்கமே இங்கு அளவுகோல்.

கட்டுப்பாட்டுக் குழுவில் பத்து விழுக்காட்டுக்கு மேல் முடங்கினால் சோதனை செல்லாது; அதாவது 20 குஞ்சுகளில் இரண்டு வரை பொறுக்கலாம், மூன்றானால் மீண்டும் தொடங்க வேண்டும். முடிவில் நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. வளர்ப்பின் நலத்தைச் சரிபார்க்க, பொட்டாசியம் டைகுரோமேட்டை அவ்வப்போது சோதித்துப் பார்ப்பார்கள். அந்த விடை வழக்கமான எல்லைக்குள் வராவிட்டால் அந்த வளர்ப்பிலிருந்து பெறும் மற்ற விடைகளையும் நம்ப முடியாது. சோதனைச்சாலையில் உரைகல்லாக நிற்கும் இந்த டைகுரோமேட்டில் உள்ள ஆறிணைதிறக் குரோமியம்தான், ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக்குவியலிலிருந்து இறங்கி நிலத்தடி நீரைக் கெடுத்தது.

விடையைக் கணக்கிடுதல்

உயிர்களில் பாதியை முடக்கும் செறிவு ஈ.சி.50 எனப்படும். இறப்பை அளந்தால் அது எல்.சி.50. விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். லிட்டருக்கு 1, 2, 4, 8, 16 மில்லிகிராம் என ஐந்து செறிவுகளில், 20 குஞ்சுகளுக்கு முறையே 0, 2, 9, 16, 20 குஞ்சுகள் 48 மணி நேரத்தில் முடங்கின என்று கொள்வோம். 4 மில்லிகிராமில் 45 விழுக்காடு, 8 மில்லிகிராமில் 80 விழுக்காடு. பாதி என்பது இவ்விரண்டுக்கும் நடுவே, 4-க்கு அருகில் விழுகிறது. செறிவை மடக்கையாக மாற்றிக் கணித்தால் ஈ.சி.50 சுமார் 4.4 மில்லிகிராம்.

எண் குறையக் குறைய நஞ்சு கடுமை. வேதிப்பொருட்களை வகைப்படுத்தும் உலகளாவிய முறையில், ஓட்டுடலிகளுக்கான இந்த எண் லிட்டருக்கு 1 மில்லிகிராம் அல்லது அதற்குக் கீழ் இருந்தால் முதல் வகை. 10 வரை இரண்டாம் வகை. 100 வரை மூன்றாம் வகை. மேற்சொன்ன கற்பனைப் பொருள் இரண்டாம் வகையில் சேரும்.

வரலாறும் இந்திய நடைமுறையும்

சுவீடனைச் சேர்ந்த ஐனார் நௌமன் 1930-களிலேயே டாஃப்னியாவை நச்சறியும் உயிராகக் கையாண்டார். 1944-ல் அமெரிக்க ஆய்வாளர் பெர்டில் ஆண்டர்சன், ஆலைக்கழிவுகளில் காணப்படும் பல பொருட்களின் நச்சு எல்லைகளை டாஃப்னியா மேக்னாவைக் கொண்டு அளந்து வெளியிட்டார். கழிவுநீரை வேதிப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தினால் அதில் என்னென்ன இருக்கின்றன என்று தெரியும். உயிருக்கு அது என்ன செய்யும் என்பதை உயிரிடமே கேட்க வேண்டும் என்ற எண்ணம் இவ்வாறு வேரூன்றியது.

இந்தியாவில் நச்சுக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குத் தூண்டுதலாக இருந்தது ஒரு மனிதத் துயரம். 1958-ல் கேரளத்தில் பாரத்தியான் பூச்சிக்கொல்லி படிந்த உணவுப்பொருளை உண்டு 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் தொடர்ச்சியாக வந்ததே 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். இச்சட்டப்படி பூச்சிக்கொல்லிகளை விற்பனைக்கு வருமுன் பதிவு செய்ய வேண்டும். பதிவு கோருவோர் நச்சியல் தரவுகளைத் தர வேண்டும். இத்தகைய சோதனைகளைச் செய்யும் கூடங்களில் ஒன்று, காஞ்சிபுரம் வட்டாரத்துப் படப்பையில் உள்ள பன்னாட்டு உயிரித்தொழில்நுட்ப நச்சியல் நிறுவனம். இந்தியா 2011-ல் ஓ.இ.சி.டி-யின் தரவுகளை ஒருவருக்கொருவர் ஏற்கும் ஏற்பாட்டில் முழுமையாக இணைந்தது. அதனால் நல்ல ஆய்வக நடைமுறைச் சான்று பெற்ற இந்தியக் கூடங்களின் முடிவுகள் உறுப்பு நாடுகளிலும் ஏற்கப்படுகின்றன.

ஆலைக்கழிவுக்கு நம் நாட்டுப் பொது விதி மீனைக் கொண்டது: நீர்த்துப்போகச் செய்யாத கழிவுநீரில் 96 மணி நேரம் வைத்த மீன்களில் 90 விழுக்காடு உயிரோடு இருக்க வேண்டும். மீன் பிழைக்கும் கழிவில் தண்ணீர்த்தெள்ளும் பிழைக்கும் என்று இதிலிருந்து கொள்ள முடியாது.

எக்கியார்குப்பமும் மெத்தனாலும்

எக்கியார்குப்பம் கடலோர மீனவக் குப்பம். 2023 மே மாதம் இங்கும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் உயிரிழப்புகள் நேர்ந்தன. மெத்தனால் ஆலைகளில் பயன்படும் கரைப்பான். மனிதக் கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் பார்வை நரம்பைத் தாக்குகிறது. இரத்தத்தை அமிலமாக்கி உயிரைப் பறிக்கிறது. 10 மில்லிலிட்டர் அளவே கண்ணைப் பறிக்கக்கூடும்.

இதே மெத்தனால் டாஃப்னியா சோதனையில் கடுமையான நஞ்சாகத் தெரிவதில்லை. அதன் 48 மணி நேர ஈ.சி.50 லிட்டருக்கு 10,000 மில்லிகிராமுக்கும் மேல். அதாவது ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 12 மில்லிலிட்டர் மெத்தனால் கலந்தாலும் பாதிக்கு மேற்பட்ட குஞ்சுகள் நீந்திக்கொண்டிருக்கும். நீரில் எளிதில் கரையாத பொருட்களைச் சோதிக்கும்போது, அவற்றைக் கரைக்கும் துணைக்கரைப்பானாக மெத்தனாலைச் சிறிதளவு சேர்க்கவும் அனுமதி உண்டு. எலிகள்கூட ஃபார்மிக் அமிலத்தை விரைவாக வெளியேற்றிவிடுவதால் மெத்தனாலால் மனிதரைப் போல் குருடாவதில்லை. நீர்வாழ் உயிர்களுக்கான தரவுத்தாளில் ‘நச்சு குறைவு’ என்று நிற்கும் பொருள், எக்கியார்குப்பத்தில் குடும்பங்களைத் தலைவரின்றி நிறுத்தியது.

மறுபக்கமும் உண்டு. கொசுப்புழுவை ஒழிக்க ஊராட்சி, நகராட்சிப் பணியாளர்கள் தண்ணீர்த் தொட்டிகளில் ஊற்றும் ‘அபேட்’ மருந்தின் வேதிப்பெயர் டெமிஃபாஸ். குடிநீரிலும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இதைச் சேர்க்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. டாஃப்னியாவையோ, லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவே முடக்குகிறது. நம் தொட்டிக்கு அனுமதிக்கப்பட்ட அளவு அந்த உயிருக்கு ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட நஞ்சு.

சிற்றுயிர்களுக்குள்ளேயே இவ்வேறுபாடு உண்டு. பயிர்களில் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்குத் தெளிக்கப்படும் இமிடாகுளோபிரிட், டாஃப்னியா மேக்னாவை லிட்டருக்குப் பல பத்து மில்லிகிராம் அளவில்தான் முடக்குகிறது. ஆனால் நீரில் வளரும் ஈசல் போன்ற மேஃபிளை இளம்பூச்சிகளும் கைரோனமஸ் புழுக்களும் மைக்ரோகிராம் அளவுகளிலேயே பாதிக்கப்படுகின்றன. டாஃப்னியாவை மட்டும் சோதித்திருந்தால் இம்மருந்து நீருக்குத் தீங்கு குறைந்தது என்ற தவறான முடிவே கிடைத்திருக்கும். கைரோனமஸ் புழுவுக்கென 235-ஆம் எண் சோதனை நெறி 2011-ல் தனியாக வந்தது.

கழுவேலி: நன்னீரும் உப்புநீரும்

மரக்காணம் கடற்கரையில் எந்த உயிரைச் சோதிப்பது என்ற கேள்விக்கு நிலமே ஒரு நிபந்தனை விதிக்கிறது. இப்பகுதியின் கழுவேலி ஏரி மழைக்காலத்தில் சுற்றுவட்டார ஏரிகளின் உபரி நீரைப் பெறுகிறது. எடையன்திட்டுக் கழிமுகம் வழியாகக் கடலோடும் தொடர்புடையது. தெற்கே நன்னீர்த்தன்மை, வடக்கே உவர்ப்பு; மழைக்குப் பின் ஒரு நிலை, கோடையில் வேறொரு நிலை. அருகே உப்பளப் பாத்திகளில் நிற்கும் நீர் கடல்நீரைவிடப் பலமடங்கு செறிந்தது. அதில் எந்தத் தண்ணீர்த்தெள்ளும் வாழாது. உப்புநீருக்கான நச்சுச் சோதனைகளில் பெரும்பாலும் ஆர்ட்டீமியா என்னும் உவர்நீர் இறாலைக் கையாளுகிறார்கள். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் இது இயற்கையாகவே உண்டு.

கழுவேலி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பரப்பு 5,151.6 எக்டேர். இங்கு வரும் நீர்ப்பறவைகள் பலவற்றுக்கு இரை இந்தச் சிற்றுயிர்களும் அவற்றைத் தின்று வளரும் மீன்களும்தான். நத்தைகுத்தி நாரைக்கு ஆப்பிள் நத்தையே முதன்மை உணவு. வயலில் தெளித்த மருந்து முதல் மழையோடு வாய்க்காலில் இறங்கினால், பறவைக்கு நேரடியாக ஒன்றும் ஆகாமலேயே அதன் இரை அழிந்துவிடக்கூடும்.

வரம்புகள்

48 மணி நேரச் சோதனை உடனடித் தீங்கையே அளக்கிறது. மெல்ல வளர்ச்சியைக் குறைக்கும், ஈற்றைக் கெடுக்கும் நஞ்சை அறிய 21 நாள் நடக்கும் 211-ஆம் எண் இனப்பெருக்கச் சோதனை தேவை. பல பொருட்கள் ஒருங்கே கலந்த நீரின் விளைவைத் தனிப்பொருள் சோதனை சொல்லாது. சேற்றில் படியும் நஞ்சும் இதில் அகப்படாது. 20 டிகிரியில் கிடைத்த எண், கோடையில் 30 டிகிரியைத் தாண்டும் நம் குளத்து நீருக்கு அப்படியே பொருந்தும் என்றும் கொள்ள முடியாது.

ஆகவே தமிழகத்து நீர்நிலைகளுக்கு டாஃப்னியா மேக்னாவின் எண் தொடக்கம் மட்டுமே. மொய்னா, செரியோடாஃப்னியா, நத்தை, பூச்சிப்புழு என நம் நீரில் வாழும் உயிர்களை நம் நீரின் வெப்பத்திலும் உப்பிலும் சோதித்துப் பெறும் எண்களும் அதனோடு சேர வேண்டும். இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. மொய்னாவைத் தொட்டியில் வளர்க்கலாம். கண்ணாடிக் குவளைகளும் நுண்ணோக்கியும் கல்லூரி விலங்கியல் துறைகளில் ஏற்கெனவே இருக்கின்றன. கழுவேலியைச் சுற்றியுள்ள கல்லூரிகள் இப்பணியை ஆண்டுதோறும் மழைக்கு முன்னும் பின்னும் செய்தால், அந்த ஏரிக்கு அதன் சொந்த உயிர்களிடமிருந்தே எச்சரிக்கை கிடைக்கும்.