தாய் ப்ரொக்ஸி: எங்கள் தேடல் யார் கைவழியே போகிறது?

“பிள்ளை, நான் இதில பாக்கிறது வேற ஆருக்கும் தெரியுமோ?”

வன்னியில் ஒரு சிறிய கணினி அறையில், காணாமல் ஆக்கப்பட்ட மகனின் பெயரை இணையத்தில் தேடித் தரச் சொல்லி என்னருகில் இருந்த அம்மா கேட்டது இது. “இல்லை அம்மா” என்று உடனே சொல்லிவிட்டேன். இரவு வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் அது பிழையான பதில் என்று விளங்கியது. ஏனென்றால், அந்த அறைக்கு ப்ரொக்ஸி சேவையகம் அமைத்துக் கொடுத்ததே நான்தான்.

ப்ரொக்ஸி என்ற சொல்லை நான் முதலில் கேட்டது 2007 ஜூனில். தமிழ்நெற் தளம் இலங்கையில் தடுக்கப்பட்டிருந்த காலம் அது. அதனால் தடையைத் தாண்டும் வழி என்று மட்டுமே அதை அறிந்திருந்தேன். கணினி அறையில் அதன் வேலை வேறு. எங்களுக்குப் பதிலாகத் தளங்களிடம் பக்கங்களைக் கேட்டு வாங்கும். வாங்கியதில் ஒரு பிரதியைச் சேமித்து வைத்து, அடுத்தவர் கேட்கும்போது அதையே கொடுக்கும். ஆறு கணினிகளுக்கு ஒரே இணைப்பு இருக்கும் இடத்தில் இது உதவும்.

நாங்கள் பாவித்தது ஸ்குவிட் என்ற இலவச மென்பொருள். ஹார்வெஸ்ட் என்ற அமெரிக்க ஆய்வுத் திட்டத்திலிருந்து பிரிந்து 1996 இல் வெளிவந்தது. ஒரு ஸ்குவிட் தன்னிடம் இல்லாததை இன்னொரு ப்ரொக்ஸியிடம் கேட்கலாம். தன்னிடம் ஏற்கெனவே இருப்பதை மட்டும் தருவது சகோதர ப்ரொக்ஸி. எங்களுக்காக வெளியே போய் எடுத்தும் தருவது தாய் ப்ரொக்ஸி. நகரத்திலுள்ள ஒரு நிறுவனம் தன்னுடையதைத் தாயாகப் பாவிக்க எங்களை அனுமதித்திருந்தது.

அமைப்பு சிக்கலானதல்ல. கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி எழுதுகிறேன். அமைப்புக் கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே இட வேண்டும்.

முதலாவது, ‘கேஷ்_பியர்’. அதே வரியில் தாயின் முகவரி, ‘பேரன்ட்’ என்ற சொல், துறை எண் 3128, அடுத்து 0, பிறகு ‘நோ-குவெரி’, ‘டிஃபோல்ட்’. ப்ரொக்ஸிகள் தமக்குள் விசாரிக்கும் முறையைப் பாவிக்கவில்லை என்பதை 0, ‘நோ-குவெரி’ இரண்டும் சேர்ந்து சொல்கின்றன.

நான் இந்த வரியோடு நிறுத்தியிருந்தேன். அங்கேதான் பிழை. சேமிக்க முடியாத கோரிக்கைகளை ஸ்குவிட் வழக்கமாகத் தாயிடம் கொடுக்காமல் நேரடியாகவே அனுப்பும். பூட்டுக் குறியோடு திறக்கும் எச்டிடிபிஎஸ் தளங்கள் எல்லாம் இந்த வகைதான். தாய் இயங்காத நேரத்திலும் ஸ்குவிட் நேரே போகப் பார்க்கும். எது எந்த வழியால் போகிறது என்று எனக்கே தெரியாமல்தான் அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.

எல்லாம் தாய் வழியாகவே போக வேண்டுமானால் ‘நெவர்_டிரெக்ட் அலவ் ஓல்’ என்ற வரி வேண்டும். அதன் பிறகு தாய் நின்றால் இணையமும் நிற்கும். உள்ளூர் வலையமைப்பிலுள்ள முகவரிகளுக்கு ‘ஓல்வேய்ஸ்_டிரெக்ட்’ மூலம் விலக்குக் கொடுக்கலாம்.

அடுத்தது தடயம். கேட்ட கணினியின் உள் முகவரியையும் கோரிக்கையோடு சேர்த்து அனுப்புவது ஸ்குவிட்டின் வழக்கம். ‘ஃபோர்வேடட்_ஃபோர் டிலீட்’ அதை நீக்கும். ‘வியா ஓஃப்’ எங்கள் ப்ரொக்ஸியின் பெயரை மறைக்கும்.

கோப்பை மாற்றியதும் ‘ஸ்குவிட் -கே பார்ஸ்’ கொடுத்துப் பிழை பாருங்கள். பிறகு ‘ஸ்குவிட் -கே ரீகொன்ஃபிகர்’. அதன் பின் அணுகல் பதிவேட்டைத் திறவுங்கள். ‘ஹையர்_டிரெக்ட்’ என்றிருந்தால் அந்தக் கோரிக்கை நேரே போயிருக்கிறது. ‘பேரன்ட்’ என்று முடிந்தால் தாய் வழியாகப் போயிருக்கிறது.

அந்தப் பதிவேடுதான் அம்மாவின் கேள்விக்கான உண்மையான பதில். எந்தக் கணினி, எத்தனை மணிக்கு, எந்தத் தளத்துக்குப் போனது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. எச்டிடிபிஎஸ் தளமானால் தளத்தின் பெயர் மட்டும் தெரியும், வாசித்த பக்கம் தெரியாது. பழைய எச்டிடிபி தளமானால் பக்கத்தின் முகவரியும் தெரியும். தாய் ப்ரொக்ஸியிலும் இப்படி ஒரு பதிவேடு இருக்கலாம். அது எங்கள் கையில் இல்லை. எனவே தாயைத் தேரும்போது வேகத்தைக் கேட்க முன், பதிவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், யாருக்குக் காட்டுவார்கள் என்று கேளுங்கள்.

பதிவே வேண்டாமென்றால் ‘அக்செஸ்_லொக் நன்’ போதும். ஆனால் கோளாறு வந்தால் தேட வழியிருக்காது. நாங்கள் ஏழு நாள் வைத்துவிட்டு அழிக்கிறோம். அதை ஒரு தாளில் எழிய தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

அடுத்த முறை அந்த அம்மா வந்தபோது அதை வாசித்துக் காட்டி, அன்று சொன்னது பிழை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “தெரிஞ்சு கொண்டு தேடுறது வேற, பிள்ளை. மகன்ர பேரை அடி” என்றார்.