கட்டளைக்கும் விருப்பிற்கும் இடையில்: இரண்டாம் உலகப் போரில் கனடாவின் கட்டாயப் படைவீரர்

தமிழ்ப் புறத்திணை மரபு போரை அதன் நோக்கும் களமும் கொண்டு வகுத்தது. மண்ணாசையால் மாற்றார் நாட்டின்மேற் செல்லும் வஞ்சியையும், தன் எயில் காத்து நிற்கும் நொச்சியையும் புறப்பொருள் வெண்பாமாலை தனித்தனித் திணைகளாக வைத்தது. ஆயினும், ‘காத்து நிற்க மட்டும் உடன்படுகின்றாயா, கடல்கடந்து செல்லவும் உடன்படுகின்றாயா?’ என்று மறவனிடம் வினவுவதற்கு அம்மரபில் இடமில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலக் கனடாவோ அவ்வினாவைத் தன் படைவீரர் ஒரு பகுதியினரிடம் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் இடைவிடாது வினவிக்கொண்டிருந்தது. சட்டத்தின் பெயரால் பாசறைக்கு அழைத்து வரப்பட்டவர்கள் அவர்கள். அங்கு வந்தபின், போர்க்களத்துக்குத் தாமாகவே முன்வர வேண்டும் என்று கேட்கப்பட்டார்கள். நாட்டின் தலைவர்கள் ஏற்றிருக்க வேண்டிய ஒரு முடிவின் சுமை இருபது வயது இளைஞரின் தோளுக்கு எவ்வாறு இறங்கியது என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருளாகும்.

இதன் வேர் முதலாம் உலகப் போரில் உள்ளது. 1917 இல் இயற்றப்பட்ட படைச்சேவைச் சட்டம் ஆங்கிலம் பேசும் கனடாவையும் பிரெஞ்சு பேசும் கியூபெக்கையும் இரு கூறாக்கியது. 1918 உயிர்த்த ஞாயிறை ஒட்டிய நாள்களில் கியூபெக் நகரில் கட்டாய ஆட்சேர்ப்புக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டது. படையினர் சுட்டதில் பொதுமக்கள் குறைந்தது நால்வர் உயிரிழந்தனர். அந்நினைவு மாறாத நாட்டில் 1939 இல் மீண்டும் போர் வந்தபோது, கட்டாயமாகச் சேர்க்கப்படும் எவரும் கடல்கடந்து அனுப்பப்படார் எனப் பிரதமர் மக்கென்சி கிங் வாக்களித்தார். லிபரல் கட்சியின் கியூபெக் ஆதரவு முழுவதும் இவ்வாக்கின் மீதே நின்றது.

1940 யூனில் பிரான்ஸ் வீழ்ந்தது. அதே மாதம் 21 ஆம் நாள் தேசிய வளங்கள் திரட்டற் சட்டம் நிறைவேறியது. ஆளையும் உடைமையையும் நாட்டின் பாதுகாப்புக்காகத் திரட்டும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கிய அச்சட்டம், தன் மூன்றாம் பிரிவில், கனடாவுக்கும் அதன் கடற்பரப்புக்கும் வெளியே படைப்பணி செய்யுமாறு எவரையும் வலியுறுத்த அவ்வதிகாரம் பயன்படாது என வரையறுத்தது. முதலில் அழைக்கப்பட்ட மணமாகாத இளைஞருக்கு விதிக்கப்பட்டது 30 நாள் பயிற்சி மட்டுமே. 1941 தொடக்கத்தில் அது நான்கு மாதமாயிற்று. அவ்வாண்டின் வசந்த காலத்துக்குள் ‘போர் முடியும் வரை’ என்றாயிற்று. ஒரு மாதத்துக்கென வீட்டிலிருந்து புறப்பட்டவன் பல ஆண்டுகளுக்குத் திரும்பவில்லை. இவ்வாறு காலவரையறை இரு முறை மாறியும், இட வரையறை மட்டும் மாறாமல் நின்றது.

ஒரே பாசறையில் இரு வகையினர் இப்போது அருகருகே பயிற்சி பெற்றனர். கடல்கடந்த பணிக்குத் தாமாகச் சேர்ந்தோர் ஒரு வகை. சட்டத்தால் அழைக்கப்பட்டோர் மற்றொரு வகை. உணவும் துமுக்கியும் அணிவகுப்பும் இருவருக்கும் பொது. இரண்டாம் வகையினரை முதல் வகையாக மாற்றுவதே இவ்வாறு கலந்து வைத்ததன் நோக்கம் என்பது விரைவில் வெளிப்பட்டது. இச்சட்டத்தின் கீழ் இயங்கிய படையை மறுஆய்வு செய்த வரலாற்றறிஞர் டேனியல் பையர்ஸ், படைத்தலைமை அதனைத் தாயகக் காவலுக்கான அமைப்பாக மட்டுமன்றி வெளிநாட்டுப் பணிக்கு ஆள்திரட்டும் வாயிலாகவும் கருதியதை எடுத்துக்காட்டியுள்ளார். கட்டாயத்தின் வழியே விருப்பத்தை விளைவித்தல் என்னும் இம்முறை அதிகாரிகளுக்கு முரணாகத் தோன்றியதாகத் தெரியவில்லை.

விருப்பம் எவ்வாறு விளைவிக்கப்பட்டது? மதகுருமார் உரையாற்றினர். களத்தில் விருது பெற்றவர்கள் அழைத்து வரப்பட்டனர். அணிவகுப்பில் நிறுத்தி வைத்து, முன்வருவோர் ஓரடி முன்னே வருக எனக் கேட்கப்பட்டது. விடுப்பு, வேலைப்பங்கீடு முதலியன நயமாகவோ கடுமையாகவோ கருவிகளாயின. எல்லாவற்றினும் வலியது சகவீரரின் இகழ்ச்சியே. மறுத்தவர்களுக்கு ‘ஸோம்பி’ என்னும் பெயர் இடப்பட்டது. 1930 களின் அமெரிக்கத் திரைப்படங்கள் பரப்பிய அச்சொல்லுக்கு ‘நடைப்பிணம்’ என்பது தமிழில் நேரான சொல்லாக அமைகின்றது. செய்தித்தாள்களும் நாடாளுமன்றமும் கூட அச்சொல்லைத் தயக்கமின்றி எடுத்தாண்டன. வீதியிலும் புகைவண்டியிலும் ஒருவன் எவ்வகையைச் சேர்ந்தவன் என்பதை அவன் சட்டைக் கையில் இருந்த, அல்லது இல்லாத, சிறு அடையாளமே காட்டிக்கொடுத்தது.

இத்தனைக்கும் பயன் இல்லாமற் போகவில்லை. போர்க்காலம் முழுவதும் இச்சட்டத்தின்கீழ் படைக்கு வந்தோர் ஒன்றரை இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர். அவர்களுள் 60,000 பேரளவில் பின்னர் பொதுப்பணிக்கு, அதாவது உலகின் எப்பகுதிக்கும் செல்ல, ஒப்பமிட்டனர். மூவருள் ஒருவருக்கும் மேற்பட்ட இவ்விகிதத்தை நாட்டுப்பற்றின் சான்றாகக் காட்டுவோர் உளர். அச்சுறுத்தலின் சான்றாகக் காட்டுவோரும் உளர். இரண்டும் முழு உண்மையாகா. உடன் பயின்ற தோழன் கப்பலேறும்போது தான் பின்தங்க மனமில்லாமல் ஒப்பமிட்டவனும், ஓயாத நச்சரிப்பு முடிந்தால் போதும் என ஒப்பமிட்டவனும் ஒரே தாளில் ஒரே சொற்களின் கீழேதான் கையெழுத்திட்டனர். அத்தாள் ‘விருப்பம்’ என ஒன்றை மட்டுமே பதிவு செய்தது.

மறுத்தவர்களின் மனத்தை அறிய உதவும் சான்றுகளுள் முதன்மையானது, அவர்களை மாற்ற முயன்ற ஓர் அதிகாரியே எழுதியது. 1944 வசந்தத்தில் 13 ஆம் காலாட்படைப் பிரிகேட்டின் தளபதியாயிருந்த பிரிகேடியர் மக்ளின், தம் பிரிவினரைப் பெருமளவில் பொதுப்பணிக்கு மாற்றும் இயக்கத்தை நடத்தியபின் மேலிடத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். மறுத்தோருள் மிகப் பலர் பண்ணைக் குடும்பத்தினர், பிரித்தானிய வழிவராத ஐரோப்பியக் குடியேறிகளின் மக்கள், கல்வி குறைந்தோர் என அவர் குறித்தார். அவரது மதிப்பீட்டில் ஏளனம் உண்டு. அதனை ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் கட்டாயப் படைச்சேவையும் போரும் நிறைந்த பழைய நாடுகளை விட்டுப் பிரேரி மாகாணங்களுக்கு வந்த பெற்றோர், அதே ஐரோப்பாவுக்குத் தம் மகன் தானாகத் திரும்பிச் செல்வதை எங்ஙனம் நோக்கியிருப்பர் என்பதை அவ்வறிக்கையின் வரிகளுக்கிடையே உணரலாம். கியூபெக்கின் பங்கு பெரிது என்பது மெய்யே. எனினும் ‘நடைப்பிணங்கள்’ என்போர் பிரெஞ்சுக் கனடியரே என்ற அக்காலப் பொதுக்கருத்து பிழையானது.

மறுத்தோர் மீண்டும் மீண்டும் கூறிய விடை எளிமையானது: அரசுக்கு நாங்கள் தேவையெனில் அரசு ஆணையிடட்டும், செல்கின்றோம். வரச்சொல்லிக் கெஞ்ச வேண்டாம். இதனைக் கோழைத்தனத்தின் சாக்கு என அக்காலத்தோர் தள்ளினர். ஆனால் 1942 க்குப் பின் இவ்விடை அரசின் நாவை அடைக்கும் வலிமை பெற்றிருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 27 இல், தான் அளித்த வாக்கிலிருந்து தன்னை விடுவிக்குமாறு அரசு மக்களிடம் பொதுவாக்கெடுப்பு நடத்தியது. நாடளாவிய நிலையில் மூன்றில் இரண்டு பங்கினர் அளவில் இசைந்தனர். கியூபெக்கில் பத்தில் ஏழு பேருக்கு மேல் மறுத்தனர். சட்டத்தின் மூன்றாம் பிரிவு நீக்கப்பட்டது. ‘கட்டாயம் வேண்டுமென்பதன்று, வேண்டின் கட்டாயம்’ என்ற பொருள்பட மக்கென்சி கிங் கூறிய வாசகம் கனடிய அரசியலில் இன்றும் நகைப்புடன் நினைவுகூரப்படுகின்றது. ஆணையிடும் அதிகாரம் அன்று முதல் அரசின் கையில் இருந்தது. இரண்டரை ஆண்டுகள் அது ஐரோப்பியப் போர்க்களத்துக்காகப் பயன்படுத்தப்படவில்லை. ஆணையிட வல்லவர்கள் வேண்டிக்கொண்டிருந்தனர். வேண்டப்பட்டவர்கள் ஆணையைக் கேட்டுக்கொண்டிருந்தனர்.

ஆணை வந்த ஓரிடத்தில் என்ன நிகழ்ந்தது என்பதும் கருதத்தக்கது. 1943 ஓகஸ்ற்றில், யப்பானியர் கைப்பற்றியிருந்த அலூசியன் தீவான கிஸ்காவை மீட்க அமெரிக்கப் படையுடன் சென்ற ஏறத்தாழ 5,000 கனடியருள் கட்டாயப் படைவீரரும் இருந்தனர். புறப்படுமுன் சிலர் தலைமறைவாயினர், பெரும்பாலோர் கப்பலேறினர். யப்பானியர் சில வாரங்களுக்கு முன்னரே மூடுபனியைப் பயன்படுத்தி வெளியேறியிருந்ததால் போர் நிகழவில்லை. கண்ணிவெடிகளால் உயிரிழப்பு நேர்ந்தது.

1944 இலையுதிர் காலத்தில் நெருக்கடி முற்றியது. நோர்மண்டியிலும் இத்தாலியிலும் காலாட்படையின் இழப்பு திட்டமிடப்பட்டதைக் கடந்திருந்தது. ஷெல்ட் ஆற்றுமுகப் போர் எஞ்சியதையும் கரைத்தது. காயமுற்றுத் திரும்பிய மேஜர் கொன் ஸ்மைத், ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ் அணியின் உரிமையாளராக நாடறிந்தவர், பயிற்சி போதாத இளைஞர்கள் களத்துக்கு அனுப்பப்படுவதாகச் செப்ரெம்பரில் செய்தித்தாள் வழியே குற்றம்சாட்டினார். பாதுகாப்பு அமைச்சர் ரால்ஸ்டன் நேரில் சென்று பார்த்துத் திரும்பி, 15,000 பேர் உடனே தேவை, அவர்களைக் கட்டாயப் படையிலிருந்தே எடுக்க வேண்டும் என்றார். நவம்பர் முதல் நாள் மக்கென்சி கிங் அவரைப் பதவியினின்று அகற்றி, ஜெனரல் மக்நோட்டனை அமர்த்தினார். தம் சொல்லுக்குப் படைவீரர் தாமாக முன்வருவர் என மக்நோட்டன் நம்பினார். பொதுக்கூட்டங்களில் அவருக்குக் கிடைத்தது கூச்சல். மூன்று வாரத்தில், விருப்பாட்சேர்ப்பால் இயலாது எனப் படைத்தலைமையே எழுதிக்கொடுத்தது. நவம்பர் 23 இல் 16,000 பேரைக் கடல்கடந்து அனுப்பும் ஆணை பிறந்தது. அதனை எதிர்த்து விமானப்படை அமைச்சர் பவர் பதவி துறந்தார்.

‘ஆணையிட்டால் செல்வோம்’ என்ற கூற்று சோதனைக்கு வந்த வேளை இது. விடை ஒரு தன்மையதாக இல்லை. பிரித்தானியக் கொலம்பியாவின் வடமேற்கே ஸ்கீனா ஆற்றங்கரையிலுள்ள ரெறஸ் பாசறையில் 15 ஆம் பிரிகேட்டினர் படைக்கலங்களைக் கைக்கொண்டு அதிகாரிகளை மீறினர். நவம்பர் இறுதி வரை சில நாள்கள் நீடித்த அக்கிளர்ச்சி இரத்தம் சிந்தாமல் அடங்கியது. கியூபெக்கின் செயின் லோறன்ஸ் படையணியுடன் சஸ்கச்சவானின் பிரின்ஸ் அல்பேட் படையணியினரும் அங்கு இருந்தனர் என்பது மேற்கூறிய கருத்துக்கு மேலும் ஒரு சான்று. 1945 சனவரியில், பயண ஆணை பெற்றோருள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் தலைமறைவாக இருந்தனர். வேறு பலர் ஆணை வந்ததும் பொதுப்பணிக்கு மாறினர். செல்வது உறுதியென்றான பின் ‘தொண்டர்’ என்ற பெயருடனேனும் செல்வோம் என அவர்கள் எண்ணியிருக்கலாம். இறுதியில் 12,908 பேர் கடல்கடந்தனர்.

வாக்குறுதியின் கதையில் இரு கிளைகள் தனியே கவனிக்கத்தக்கன. முதற்குடியினருள், 3, 6, 8, 11 ஆம் உடன்படிக்கைகளுக்கு உட்பட்டோரின் முன்னோருக்கு, முடியாட்சியின் போர்களுக்கு அவர்கள் அழைக்கப்படார் என உடன்படிக்கைக் காலத்தில் வாய்மொழியாக உறுதி கூறப்பட்டிருந்தது. அவர்களைக் கட்டாய வெளிநாட்டுப் பணியிலிருந்து விலக்க ஒட்டாவா இசைந்தது. மற்றக் குடிமக்களுக்கு 1939 இல் அளித்த வாக்கு கைவிடப்பட்ட வேளையில், ஏட்டில் ஏறாத பழைய சொல் ஒன்று இவ்வாறு மதிக்கப்பட்டது. சீன வழிக் கனடியரின் நிலை இதற்கு நேர்மாறானது. படைப்பணி வாக்குரிமைக் கோரிக்கைக்கு இடமளிக்கும் என அஞ்சி அவர்களை நெடுங்காலம் அழைக்காதிருந்த அரசு, 1944 இல் அழைத்தது. வாக்களிக்க இயலாத நாட்டுக்காக உயிர் கொடுப்பதா என அச்சமூகத்துக்குள்ளே கடும் விவாதம் எழுந்தது. 150 பேரளவில் பிரித்தானிய இரகசியப் படைப்பிரிவான ‘போர்ஸ் 136’ க்கு முன்வந்தனர். இந்தியாவில் பயிற்சி பெற்றோருள் சிலர் மலாயா, போர்னியோக் காடுகளில் இறங்கினர். 1947 இல் சீனக் கனடியருக்கு வாக்குரிமை கிடைத்தது. ஏனைய கனடியருள் பெரும்பாலோர் பிறப்பால் பெற்ற ஒன்றை ஈட்டுவதற்கு அவர்கள் தம் விருப்பத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஐரோப்பியப் போர் முடியும் தறுவாயில் மற்றொரு வினா எழுந்தது: யப்பானுக்கு எதிரான போருக்கு எவர் செல்வது? ஒருமுறை சுட்டுக்கொண்ட மக்கென்சி கிங், பசிபிக் களத்துக்கு மீண்டும் தாமாக முன்வருவோரே அனுப்பப்படுவர் என அறிவித்தார். ஒக்கினாவா அருகே ஏற்கெனவே போரில் ஈடுபட்டிருந்த ‘உகண்டா’ என்னும் கனடியப் போர்க்கப்பலின் மாலுமிகளிடமும் அவ்வினா கேட்கப்பட்டது. முன்னரே தாமாகச் சேர்ந்தவர்களாகிய அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மறுத்தனர். கப்பல் போர்க்களத்தை விட்டுத் தாயகம் திரும்பியது. அவர்களை எவரும் நடைப்பிணம் என அழைக்கவில்லை.

கடல்கடந்த 12,908 கட்டாயப் படைவீரருள் போர் முடியுமுன் களப்பிரிவுகளைச் சென்றடைந்தோர் 2,463 பேர். அவர்களுள் 69 பேர் கொல்லப்பட்டனர். அவர்கள் நின்ற பிரிவுகளில், பழைய தொண்டர்களுடன் ஒப்பிடுகையில் அவர்கள் குறைவாகப் போரிட்டனர் என்ற முறைப்பாடு பெரிதாக எழவில்லை. 2,300 க்கும் மேற்பட்ட கனடியர் துயிலும் குறூஸ்பீக் போன்ற நெதர்லாந்துக் கல்லறைகளில் ஒவ்வொரு கல்லும் ஒரே உயரம், ஒரே வடிவம். மேப்பிள் இலை, எண், தரம், பெயர், படையணி, இறந்த நாள், அகவை ஆகியவை பொறிக்கப்பட்டுள்ளன. அவன் அழைக்கப்பட்டு வந்தானா, தானே வந்தானா என்பதற்கு அக்கல்லில் ஒரு வரியும் இல்லை.