ஓஸ்டர்பேக் மயானமும் மலரேந்திய சிறுவரும்

போரில் வென்றோருக்குத் தூண் நாட்டி விழா எடுத்தல் உலக வழக்கு. தோல்வியில் முடிந்த போரின் வீரரை, அத்தோல்வியினால் வீடிழந்து பசித்த மக்களே ஆண்டுதோறும் மலரிட்டு வணங்குதல் அரிது. நம் வரலாற்றில் ஒல்லாந்தர் எனப் பெயர்பெற்ற மக்களின் நாடாகிய நெதர்லாந்தில், ஆர்னம் நகருக்கு மேற்கேயுள்ள ஓஸ்டர்பேக் போர் மயானம் இவ்வரிய காட்சியை நமக்குக் காட்டுகின்றது.

1944 ஆம் ஆண்டு செப்டெம்பர் 17 ஆம் நாள், பிரித்தானியாவின் முதலாம் வான்வழிப் படைப்பிரிவினர் பரசூட்டுகளிலும், கிளைடர் என்னும் பொறியில்லா விமானங்களிலும் அங்கு வந்திறங்கினர். ரைன் நதிமீதுள்ள ஆர்னம் பாலத்தைக் கைப்பற்றி, தெற்கிலிருந்து தரைவழியே பெரும்படை வந்துசேரும்வரை அதனைக் காத்தல் அவர்தம் கடமை. அப்பாலம் கைவசமாயின் ஜேர்மனிக்குள் நுழையும் வழி திறக்கும் எனத் தளபதி மொண்ட்கொமரி கருதினார்.

எண்ணியது ஒன்று, நிகழ்ந்தது வேறு. படையினர் இறங்கிய இடம் பாலத்திலிருந்து பல மைல் தொலைவிலிருந்தது. வானொலிக் கருவிகள் செவ்வனே இயங்காமையால் ஓரணி மற்றோரணியோடு பேச இயலவில்லை. ஜேர்மனியரின் இரு கவசப் படைப்பிரிவுகளோ அருகிலேயே தங்கியிருந்தன. ஜோன் புரொஸ்ற் என்பாரின் தலைமையில் ஏறத்தாழ 740 பேர் மாத்திரம் பாலத்தின் வடமுனையை அடைந்து, செப்டெம்பர் 21 காலைவரை தாங்கிநின்றனர். தரைப்படை உரிய காலத்தில் வந்திலது. 25 ஆம் நாள் இரவு, மழையிடையே ரைனைக் கடந்து மீண்டோர் சுமார் 2,400 பேர். சென்றவரோ ஏறக்குறைய 10,000 பேர்.

அம்மயானத்தில் 1,700க்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. போலந்து வீரரும் அங்கு துயில்கின்றனர். விமானி டேவிட் லோட்டும் அங்கு துயில்வோருள் ஒருவர். செப்டெம்பர் 19 இல், எரிகின்ற விமானத்தைச் செலுத்தி, இருமுறை வட்டமிட்டுத் தோழர்க்கு வேண்டிய பொருள்களைப் போட்டுவிட்டு அவர் மாண்டார். அவ்விடம் முன்னரே பகைவர் கைப்பட்டிருந்தமையை அவர் அறியார்.

இத்தோல்விக்கு ஊர்மக்கள் கொடுத்த விலை சிறிதன்று. ஆர்னம் மக்கள் அனைவரையும் ஜேர்மனியர் ஊரைவிட்டு வெளியேற்றினர். அப்படையெடுப்புக்குத் துணையாக நடந்த புகையிரத வேலைநிறுத்தத்திற்குப் பழிவாங்க உணவுப் போக்குவரத்தைத் தடுத்தனர். தொடர்ந்த பஞ்சக் குளிர்காலத்தில் மேற்கு நெதர்லாந்தில் ஏறத்தாழ 20,000 பேர் மடிந்தனர்.

இவ்வளவு துன்புற்ற மக்கள் அவ்வீரரை நொந்துகொண்டனரா? இல்லை. 1945 செப்டெம்பரில், இடிந்த வீடுகளுக்கு மீண்ட அம்மக்கள் தம் பிள்ளைகளை மலரோடு மயானத்திற்கு அனுப்பினர். கல்லறைதோறும் ஒரு சிறுவனோ சிறுமியோ நின்று மலர் வைத்தனர். அவ்வழக்கம் தலைமுறைகள் மாறியும் இன்றும் நிலவுகின்றது.

வந்தவர் வென்றனரா என்று அம்மக்கள் கேட்டிலர். நமக்காக வந்தனர் என்பதையே எண்ணினர். கல்லில் பொறித்த பெயர் மழையில் மங்கலாம். அதனை ஆண்டுதோறும் ஒரு குழந்தை குனிந்து வாசிக்குமாயின், அது மறைவதெங்ஙனம்?