'உங்களை யார் கேட்டது?'

வேலை போகப்போகிறது என்று தெரிந்தால் தொழிலாளி என்ன செய்வார்? கொடி பிடிப்பார். கேட் வாசலில் நின்று கோஷம் போடுவார். 1970-களில் இங்கிலாந்தில் ஒரு கூட்டம் வேறு மாதிரி யோசித்தது. 'நம்ம கம்பெனி வேறு என்னவெல்லாம் தயாரிக்கலாம்?' என்று பட்டியல் போட உட்கார்ந்துவிட்டது!

லூகாஸ் ஏரோஸ்பேஸ். விமான பாகங்கள் செய்த நிறுவனம். 17 தொழிற்சாலைகள். உற்பத்தியில் ஏறக்குறைய பாதி ராணுவத்துக்கு. ஆரம்பத்தில் சுமார் 18,000 பேர் வேலை பார்த்தார்கள். அப்புறம் தலைகள் குறைந்துகொண்டே வந்தன.

இத்தனை பேருக்கும் ஒரே சங்கமா என்றால், அதுதான் இல்லை. மொத்தம் 13 சங்கங்கள். லேத் ஓட்டுபவருக்கு ஒன்று, டிசைன் போடுபவருக்கு இன்னொன்று. எல்லாச் சங்கங்களிலிருந்தும், எல்லா ஆலைகளிலிருந்தும் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் சேர்ந்து ஒரு கூட்டுக் கமிட்டி அமைத்தார்கள்.

1974 நவம்பரில் அந்தக் கமிட்டி தொழில்துறை அமைச்சர் டோனி பென்னைப் போய்ப் பார்த்தது. 'எங்கள் கம்பெனியை அரசுடைமை ஆக்குங்கள்' என்பது கோரிக்கை. அவரோ, நீங்களே ஒரு மாற்றுத் திட்டம் தயாரித்தால் என்ன என்று யோசனை சொல்லி அனுப்பினார்.

சரி என்று நிபுணர்களுக்கும் நிறுவனங்களுக்கும் சுமார் 180 கடிதங்கள் எழுதினார்கள். வந்த பதில்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்! படித்தவர்கள் கைவிட்டதும் சொந்த ஜனங்களிடமே போனார்கள். ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு கேள்வித்தாள். உங்களிடம் என்ன மெஷின் இருக்கிறது? என்ன திறமை இருக்கிறது? எதைத் தயாரித்தால் மக்களுக்கு உபயோகம்?

கொட்டியது மழை. 150 பொருட்கள். டயாலிசிஸ் கருவி, காற்றாலை, வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப், பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் வண்டி, சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடும் பஸ். 1976 ஜனவரியில் ஆறு பாகங்களாகத் திட்டம் தயார்.

நிர்வாகம் என்ன சொன்னது? 'எங்கள் தொழில் விமானத் தொழில். மற்றபடி, பேசுவதென்றால் நாங்கள் அங்கீகரித்த சங்கங்களோடு அந்தந்த ஆலையில் பேசிக்கொள்கிறோம்.' அதாவது, நீங்கள் யார்? உங்களை யார் கேட்டது?

கேட்டவர் பென். ஆனால் அவரை 1975 ஜூனிலேயே வேறு துறைக்கு மாற்றிவிட்டார்கள். அரசாங்கம், 'முதலில் நிர்வாகத்தோடு பேசுங்கள்' என்றது. சங்கத் தலைமைகளும் இந்தக் கமிட்டியை முறையான அமைப்பாக ஏற்கவில்லை. கிணற்றில் போட்ட கல்!

யோசித்துப் பார்த்தால், 'நீங்கள் யார்?' என்பது தப்பான கேள்வி அல்ல. ஆயிரக்கணக்கானோர் வேலை பார்க்கும் இடத்தில் நாலு பேர் கூடி, 'இதுதான் எல்லோருடைய விருப்பம்' என்று கிளம்பினால் என்ன ஆவது? யாருக்குப் பதில் சொல்வார்கள்? கணக்கு கேட்டால் யார் காட்டுவது?

லூகாஸ்காரர்களிடம் அதற்குப் பதில் இருந்தது. அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆலை ஆலையாகக் கேட்டுத்தான் எழுதினார்கள். ஆனால் அந்தப் பதிலைக் கேட்டுக்கொள்ள கம்பெனியின் சட்டதிட்டத்தில் ஒரு நாற்காலி இல்லை. கீழே முழு அங்கீகாரம். மேலே பூஜ்யம். விளைவு, கொண்டுவந்தவர்கள் யார் என்பதிலேயே பேச்சு நின்றுபோனது. கொண்டுவந்த சரக்கு நல்லதா, லாபம் வருமா என்று உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் கட்டமே வரவில்லை.

1978-ல் சுமார் 2,000 பேரைக் குறைக்கப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. கமிட்டியில் முன்னால் நின்ற டிசைன் இன்ஜினீயர் மைக் கூலியை 1981-ல் வேலையை விட்டு நீக்கினார்கள். அதே வருடம் 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது அவருக்குக் கிடைத்தது.

1997-ல் ஜப்பானின் டொயோட்டா, பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் காரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ப்ரியஸ். லூகாஸ் தொழிலாளர்களின் பட்டியல் வெளிவந்து அப்போது 21 வருடம் ஆகியிருந்தது.

ஆபீசில் ஆலோசனைப் பெட்டி மாட்டுவது சுலபம். அதை என்றைக்கு, யார் முன்னால் திறப்போம் என்று எழுதி ஒட்டுவதுதான் கஷ்டம்.