ஃபிர் என்று நாம் வளர்த்த மரம்

2010-இல் பிரிவு உபசார விழா முடிந்ததும் நம் வகுப்பில் ஆளுக்கொரு மரக்கன்று கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? தொட்டியில் தொங்கிய அட்டையில் ‘ஃபிர் மரம்’ என்று எழுதியிருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி எட்டயபுரம் வந்தேன். “கரிசல் மண்ணுல இது எங்கடா பிழைக்கப் போவுது?” என்று அப்பா சிரித்தார். ஆனால் மேடு கட்டி, செம்மண்ணும் மணலும் கலந்து நட்டவர் அவர்தான். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும் என்பது அவர் கணக்கு. சரியான கணக்கு.

இன்று மரம் 24 அடி. அப்பா இல்லை. போன வருஷம் பக்கத்து வீட்டுப் பெரியப்பா வந்தார். “தம்பி, மரம் தெக்க சாயுதுல்லா, ஒரு பெருங்காத்து அடிச்சா எங்க ஓட்டு மேலதான் விழும். வெட்டிருங்க” என்றார். அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்கள். வெட்டுவதா, விடுவதா? மரம் எதுவென்று முதலில் தெரிய வேண்டாமா என்று தேடத் தொடங்கினேன்.

முதல் செய்தி, இது ஃபிர்ரே இல்லை. நம் நாட்டின் ஃபிர் மரங்கள் இமயத்தின் குளிரில் வளர்பவை. அவற்றின் காய்கள் கிளைமேல் மெழுகுவர்த்தி போல நிமிர்ந்து நிற்கும். முற்றியதும் மரத்திலேயே உதிர்ந்து போகும். நம் மரத்தின் இலையோ சின்னச் சின்னச் செதிலாக ஒன்றின் மேல் ஒன்று படிந்து, சிறு கிளையே கயிறு போல இருக்கிறது. இது அரவ்காரியா இனம்.

இந்த இனத்துக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. 1774-இல் கேப்டன் குக் தன் இரண்டாவது பயணத்தில் பசிபிக் கடலின் நியூ கலிடோனியா பக்கம் போனார். தூரத்தில் உயரமாக வரிசை வரிசையாக ஏதோ தெரிந்தது. கப்பலில் இருந்த இயற்கை அறிஞர்கள் கல்தூண்கள் என்றார்கள்; குக் மரங்கள் என்றார். கிட்டே போனபோது மரங்களே! அடுத்த மாதமே நார்போக் தீவில் அதன் உறவு மரத்தையும் கண்டார். பாய்மரத்துக்கு ஆகும் என்ற ஆசையும் சேர்ந்து, 1788-இல் ஆங்கிலேயர் நார்போக் தீவில் குடியேறினார்கள். வெட்டிப் பார்த்தால் எளிதில் ஒடியும் மரம், பாய்மரத்துக்கு உதவவில்லை. பின்னாளில் இரண்டும் அழகு மரங்களாக உலகம் சுற்றின. நம் ஊர்களில் ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்றும், ‘நார்போக் பைன்’ என்றும் விற்பவை பெரும்பாலும் ‘குக் பைன்’தான்.

எப்படிப் பிரித்து அறிவது? நார்போக் பைன் அகலக் கூம்பாக நேரே நிற்கும். குக் பைன் ஒடுங்கித் தூண் போல உயரும்; பட்டை காகிதம் போல உரியும்; கொஞ்சம் சாயும். எந்தப் பக்கம்? பூமத்திய ரேகைப் பக்கம்! 2017-இல் வெளியான ஆய்வு ஒன்றில் ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்தார்கள். சராசரிச் சாய்வு சுமார் 8.5 டிகிரி. வடக்கே உள்ளவை தெற்கே சாய்கின்றன, தெற்கே உள்ளவை வடக்கே. ரேகைக்குக் கிட்டே வர வர சாய்வு குறைகிறது.

சைட்டிலிருந்து டோட்டல் ஸ்டேஷனைக் கொண்டுவந்து அளந்தேன். தெற்கே மூன்றரை டிகிரி. ரேகைக்கு ஒன்பது டிகிரி வடக்கே இருக்கும் நம் ஊருக்குப் பொருத்தம்தான். ஆனால் இயல்பான சாய்வு என்பதாலேயே ஆபத்து இல்லை என்று ஓர் இன்ஜினியர் சொல்லக் கூடாது. வடக்குப் பக்கம் வேரடி மண் தூக்கியிருக்கிறதா, கோடையில் கரிசல் வெடிப்பு வேர் வரை போகிறதா என்று பார்த்தேன். இல்லை. ஒரு வருஷம் கழித்து மறுபடி அளந்தேன். அதே அளவு.

பெரியப்பாவிடம் கணக்கைக் காட்டினேன். “சரி தம்பி, வருஷா வருஷம் அளந்து எங்கிட்டயும் சொல்லணும்” என்றார். ஒத்துக்கொண்டேன். அம்மா அன்று சாயங்காலம் தாமே குடத்தைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனார்கள்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் அந்தக் கன்று மரமாகி நிற்கலாம். நுனிக் குருத்தை மட்டும் கிள்ளிவிடாதீர்கள். பக்கக் கிளையை வெட்டி நடாதீர்கள், அது படுத்தே வளரும். சாய்கிறது என்று வெட்டும் முன், எந்தத் திசை என்று ஒருமுறை பாருங்கள். தம்பி தங்கைகளே, இந்த ஆண்டு கன்று நடும்போது அட்டையில் சரியான பெயரை எழுதுங்கள்.