நெறியாளரின் கையெழுத்து

நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டு இறங்கிவிடலாம். இந்த மேடையில் அது வழக்கமில்லை. எனவே ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்: முனைவர் பட்ட ஆய்வுக்குள் நுழைந்துவிட்ட தலித் மாணவருக்கு நெறியாளர் என்பவர் யார்? இடஒதுக்கீடு பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். வாசலைத் தாண்டிய பிறகு நடப்பதைப் பற்றி ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் ஒரு மாதம் பேசுகிறோம், அவ்வளவுதான்.

அண்ணலின் மாணவப் பருவத்திலிருந்து தொடங்கலாம். 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையில் அவர் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். மாதம் பதினொன்றரை பவுண்டு. படித்து முடித்ததும் 10 ஆண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். கொலம்பியாவில் பொருளாதார அறிஞர் எட்வின் செலிக்மன் அவருக்கு ஆசிரியர். 1916 மே மாதம் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில், சாதியின் தோற்றம் குறித்த தம் கட்டுரையை 25 வயது அம்பேத்கர் வாசித்தார். (நான் படித்த முதுகலை சமூகவியல் பாடத்திட்டத்தில் சீனிவாசின் 'சமஸ்கிருதமயமாக்கல்' மூன்று தாள்களில் வந்தது. இந்தக் கட்டுரை ஒன்றில்கூட இல்லை.) இன்று நம் மாணவர் சாதியை ஆய்வுத் தலைப்பாக எடுத்தால் 'சொந்தப் பிரச்சினையை ஆய்வாக்காதே' என்ற அறிவுரை இலவசமாகக் கிடைக்கிறது.

அதே ஆண்டு லண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்து திரும்ப வேண்டியதாயிற்று. தனியே அனுப்பிய புத்தகங்களும் பெட்டிகளும் கப்பல் தாக்கப்பட்டதில் கடலோடு போயின. பரோடாவில் அவருக்குத் தங்க இடமில்லை. அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கள்கூடக் கோப்புகளை எட்ட நின்று மேசை மேல் எறிந்தார்கள். ஆனால் லண்டனில் ஒன்று நடந்திருந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பிவந்து படிப்பைத் தொடரலாம் என்று எழுத்தில் அனுமதி கொடுத்திருந்தார்கள். பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் வேலை பார்த்துச் சேர்த்த பணம், கோலாப்பூர் ஷாகு மகாராஜாவின் உதவி, நண்பர் நாவல் பதேனாவின் கடன் எல்லாம் சேர்ந்து 1920இல் மீண்டும் கப்பலேறினார். அந்த அனுமதி இல்லாமலிருந்தால் கையிலிருந்த பணத்தை வைத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டியிருப்பார்?

ரூபாயின் சிக்கல் பற்றிய அவருடைய ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் உடனே ஏற்கவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியின் நாணயக் கொள்கையை விமர்சித்த தொனி அவர்களுக்குக் கசந்தது. திருத்தி எழுதச் சொன்னார்கள். முடிவுகளை மாற்றாமல் திருத்திக் கொடுத்து 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அந்நூலுக்கு முன்னுரை எழுதிய பேராசிரியர் எட்வின் கேனன், மாணவரின் வாதங்களில் பலவற்றைத் தாம் ஏற்கவில்லை என்று அதிலேயே எழுதினார். நான் முதன்மையாகச் சொல்ல நினைப்பது இதைத்தான்: மாணவரோடு உடன்படாத ஓர் ஆசிரியர் அவருடைய நூலுக்கு முன்னுரை தந்தார், தடை போடவில்லை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சமத்துவம் பூத்துக் குலுங்கியது என்று சொல்ல வரவில்லை. கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்த அமெரிக்கா அது. காலனிகளைச் சுரண்டிக் கொழுத்த இங்கிலாந்து அது. ஆனால் அம்பேத்கரின் சாதி அந்த ஆசிரியர்களுக்கு ஓர் எடைக்கல்லாக இருக்கவில்லை.

இனி நம் வளாகங்களுக்கு வருவோம். சேலம் மாவட்டத்திலிருந்து, பன்றி வளர்ப்பைத் தொழிலாகக் கொண்ட பன்னியாண்டி சமூகத்திலிருந்து, ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியலில் முனைவர் பட்டம் செய்யப் போனார் செந்தில்குமார். அவருக்கு நெறியாளரே ஒதுக்கப்படவில்லை. உதவித்தொகை நிறுத்தப்பட்டது. 2008 பிப்ரவரியில் அவரை இழந்தோம். வினோத் பவராலா தலைமையிலான விசாரணைக் குழு, துறையின் நடைமுறைகளில் சீரும் இல்லை, வெளிப்படைத்தன்மையும் இல்லை என்று கண்டது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2016 ஜனவரியில், அதே வளாகத்தில் ரோகித் வெமுலா. அவருக்கும் மாதக்கணக்கில் உதவித்தொகை வரவில்லை.

2017 மார்ச்சில் நாம் இழந்த முத்துக்கிருஷ்ணனும் சேலத்துக்காரர். டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுச் சேர்க்கையில் சமத்துவம் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். அது வெறும் மனக்குமுறல் அல்ல. வாய்மொழித் தேர்வின் 30 மதிப்பெண்களில் பாகுபாட்டின் தடம் தெரிகிறது, அதை 15 ஆகக் குறைக்கலாம் என்று அப்பல்கலைக்கழகத்தின் அப்துல் நஃபே குழுவே 2016இல் பரிந்துரைத்திருந்தது. அதே ஆண்டில் யுஜிசி கொண்டுவந்த விதிகளோ நேரெதிர்த் திசையில் போயின. எழுத்துத் தேர்வில் தேறினால் போதும்; இடம் யாருக்கு என்பதை நேர்காணலே முடிவு செய்யும் என்றாக்கின. பெயர், ஊர், ஆங்கிலம், உடை எல்லாம் தெரியும் அறையில் முழு அதிகாரம்! 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. பிறகு 70க்கு 30 என்ற கணக்கு வந்தது. பழைய 30 அப்படியேதான் நின்றது.

பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வாளர்களுக்கான ராஜீவ் காந்தி தேசிய உதவித்தொகை 2005-06இல் வந்தது. தொடக்கத்தில் நெட் தேர்வு கட்டாயமில்லை. கூலி வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகள் பலர் பிழைப்புக் கவலையின்றி நூலகத்தில் உட்கார முடிந்தது அதனால்தான். பிறகு பட்டியல் சாதியினருக்கு அதையும் நெட்டோடு கட்டினார்கள். தொகை உயர்ந்திருக்கிறது, மறுக்கவில்லை. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023இல் மாதம் 37,000 ரூபாய் ஆனது. ஆனால் அந்தப் பணம் மாணவர் கைக்கு வர நெறியாளர் கையெழுத்திட வேண்டும், துறைத் தலைவர் கையெழுத்திட வேண்டும், பல்கலைக்கழகம் உறுதிசெய்து அனுப்ப வேண்டும். ஆறு மாத முன்னேற்ற அறிக்கைக்கும் அதே கையெழுத்து. ஆய்வேட்டை ஒப்படைக்கவும் அதே கையெழுத்து. ஐந்து ஆண்டுகளில் ஒரு மனிதரின் பேனாவை எத்தனை முறை நம்பியிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பெண் ஆய்வாளர்கள் அந்தப் பேனாவுக்குக் கொடுக்க நேரும் விலையைப் பற்றித் தனியே ஒரு சொற்பொழிவு வேண்டும்.

நல்ல நெறியாளர்கள் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். இந்த அரங்கில் முனைவர் பட்டத்தோடு உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் அப்படியொருவரைப் பெயர் சொல்லிக் காட்டுவீர்கள். ஆனால் நல்லவர் வாய்ப்பது அதிர்ஷ்டம் என்ற நிலையில் ஒரு கல்விமுறையை விட்டுவைக்க முடியாது. லண்டன் அம்பேத்கருக்குக் கொடுத்தது எழுத்தில் எழுதிய நான்கு ஆண்டு. நமக்கும் எழுத்தில் வேண்டும். சேர்ந்த இத்தனை நாட்களுக்குள் நெறியாளர் ஒதுக்கப்பட வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும். நெறியாளரை மாற்றக் கேட்பது ஒழுங்கீனம் ஆகாது. உதவித்தொகைக் கையெழுத்து ஆய்வுக் குழுவிடம் போக வேண்டும், தனிநபரிடம் அல்ல. நேர்காணல் மதிப்பெண்கள் பிரிவுவாரியாக ஆண்டுதோறும் வெளியாக வேண்டும்.

இதற்கெல்லாம் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பல்கலைக்கழகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் சேர்ந்த ஒவ்வோர் ஆய்வாளருக்கும் சேர்க்கைத் தேதி எது, நெறியாளர் ஒதுக்கிய தேதி எது, சமூகப் பிரிவு எது என்று கேளுங்கள். பெயர்கள் வேண்டாம், தேதிகள் போதும். பதில் வந்ததும் இங்கே கொண்டுவாருங்கள். அடுத்த கூட்டத்தை அந்தத் தாள்களைப் பிரித்து வைத்துத் தொடங்குவோம்.