தன்தொழில் செய்வோரும் தள்ளிப்போடலும்

தள்ளிப்போடல் என்பது, செய்தாக வேண்டும் என்று தானே முடிவு செய்த வேலையை, தாமதித்தால் நட்டம் என்று தெரிந்தும் ஒருவர் பின்னுக்குத் தள்ளுவது. சோம்பலிலிருந்து இதைப் பிரித்தறிய வேண்டும். தள்ளிப்போடுபவர் பெரும்பாலும் சும்மா இருப்பதில்லை. முக்கியமான ஒன்றை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்துகொண்டிருப்பார். திருக்குறளில் மடியின்மை என்னும் 61ஆம் அதிகாரம், மனிதரைக் கெடுக்கும் நான்கை வரிசைப்படுத்தும்போது காலம் நீட்டித்தலையும் சோம்பலையும் தனித்தனியாகவே எண்ணுகிறது. இந்த நுட்பத்தை மறந்ததால்தான், வேலை தேங்கிய ஒருவரைப் பார்த்து நாம் உடனே சோம்பேறி என்று சொல்லிவிடுகிறோம்.

மாதச் சம்பளக்காரரும் தள்ளிப்போடுகிறார். ஆனால் அவரைச் சுற்றி வருகைப் பதிவேடு, மேலாளர், பக்கத்து மேசைக்காரர், சம்பள நாள் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அந்த ஏற்பாடே பாதி வேலையை இழுத்துச் செல்லும். தன்தொழில் செய்பவருக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. எல்லாவற்றையும் அவரே கட்டி எழுப்ப வேண்டும்.

காட்டாங்குளத்தூர் வட்டாரம்

தன்தொழில் செய்வோர் பெருகிய ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு செல்லும் புறநகர் ரயில் பாதையில் பொத்தேரிக்கும் மறைமலை நகருக்கும் இடையே உள்ளது காட்டாங்குளத்தூர். 2019இல் உருவான செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1985இல் இங்கே தொடங்கிய எஸ்.ஆர்.எம். பொறியியல் கல்லூரி பல்கலைக்கழகமாக வளர, அதைச் சுற்றி மெஸ், ஜெராக்ஸ் கடை, பி.ஜி. விடுதி, டூவீலர் மெக்கானிக் கடை என்று ஒரு சிறுதொழில் உலகமே உருவானது. படிப்பு முடிந்தும் ஊர் திரும்பாமல், அறை எடுத்துத் தங்கி லேப்டாப்பில் டிசைன், வீடியோ எடிட்டிங், மென்பொருள் வேலைகளைத் தனியாக எடுத்துச் செய்யும் இளைஞர்களும் இந்த உலகத்தில் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த ஊரான மறைமலை நகர் தொழிற்பேட்டைகளின் ஊர். அங்கிருந்த ஃபோர்டு கார் ஆலை மூடப்படுவதாக 2021 செப்டம்பரில் அறிவிப்பு வந்து, 2022இல் உற்பத்தி நின்றது. பெரிய ஆலை நிற்கும்போது, அதுவரை யாரோ வகுத்த ஷிப்டில் வாழ்ந்தவர்கள் தங்கள் நாளைத் தாங்களே வகுக்க வேண்டிய நிலை வருகிறது. கைத்தொழில் தெரிந்தவருக்கும் இது எளிதாகக் கைவரும் திறமை இல்லை.

ஒவ்வொரு தொழிலும் தள்ளிப்போடும் இடம் ஒன்றை வைத்திருக்கிறது. தையற்காரர் அளவெடுத்துத் துணி வெட்டிவிடுவார். காஜா, பட்டன், ஹெம்மிங் பாக்கி நிற்கும். லேத் பட்டறையில் ஜாப் ஒர்க் நேரத்துக்கு முடிந்துவிடும். கணக்கு நோட்டு மூன்று வாரம் பின்தங்கியிருக்கும். டிசைனருக்கு முதல் வரைவை அனுப்பத்தான் தயக்கம். ஏறக்குறைய எல்லாருக்கும் பொதுவானது பில் போடுவதையும் வராத பணத்தைக் கேட்பதையும் தள்ளுவது. கேட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பாரோ என்ற அந்தக் கூச்சம், ஆண்டுக்கணக்கில் பார்த்தால் நிறையப் பணத்தைத் தின்கிறது.

ஆய்வுகள் சொல்வது

இந்தியாவில், அதிலும் தென்னிந்தியாவில், தள்ளிப்போடலும் தன்கட்டுப்பாடும் குறித்து நல்ல கள ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பொருளியலாளர்கள் சுப்ரீத் கௌர், மைக்கேல் கிரெமர், செந்தில் முல்லைநாதன் மூவரும் மைசூரில் டேட்டா என்ட்ரி ஊழியர்களை 13 மாதங்கள் கவனித்து, 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். செய்த அளவுக்கே கூலி, கூலி வாரந்தோறும். சம்பள நாள் நெருங்க நெருங்க உற்பத்தி கூடியது. வாரத் தொடக்கத்தில் செய்தாலும் அதே கூலிதான் என்று அறிந்தவர்களே அப்படி நடந்துகொண்டார்கள்.

பிறகு அவர்களுக்கு ஒரு வாய்ப்பு தரப்பட்டது: அன்றைய இலக்கைத் தானே வைத்துக்கொள்ளலாம், எட்டினால் வழக்கமான கூலி, எட்டாவிட்டால் பாதிக் கூலி. கணக்குப்படி இதில் எந்த ஆதாயமும் இல்லை, நட்டம் மட்டுமே வரக்கூடும். இருந்தும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தடவை அவர்கள் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். சம்பள நாளை ஒட்டி வேகம் கூட்டியவர்களே இதை அதிகம் நாடினார்கள். தங்கள் பலவீனம் தங்களுக்குத் தெரியும், அதற்கு ஒரு கட்டு கிடைத்தால் விரும்பி ஏற்கிறார்கள் என்பதே இதன் பொருள். தன்தொழில் செய்வோர் அனைவரும் அறிய வேண்டிய முடிவு இது.

சென்னையில் ஃபிராங்க் ஷில்பாக் 229 சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுநர்களிடம் நடத்திய மூன்று வார ஆய்வு 2019இல் வெளியானது. பகலில் குடிக்காமல் இருந்தால் ஊக்கத்தொகை என்ற ஏற்பாடு சேமிப்பைப் பாதிக்கும் மேல் கூட்டியது. பங்கேற்றவர்களில் பாதிக்கும் அதிகமானோர், அந்த ஏற்பாடு கிடைப்பதற்காகவே கொஞ்சம் பணத்தை இழக்கவும் முன்வந்தார்கள். தன்தொழில் செய்வோரைப் போலவே இந்த ஓட்டுநர்களும் மேலாளர் இல்லாதவர்களே.

தூக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். சென்னையில் குறைந்த வருமானம் உள்ளவர்களிடையே நடந்து 2021இல் வெளியான மற்றோர் ஆய்வில், எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் அவர்கள் உண்மையில் தூங்கியது சராசரியாக ஐந்தரை மணி நேரமே என்று கருவிகள் காட்டின. வேலையிடத்தில் பிற்பகல் குட்டித் தூக்கம் தந்தபோது வேலைத்திறனும் மனநிலையும் மேம்பட்டன. மதியம் கண் அயர்வதை நேர விரயம் என்று எண்ணிக் குமைபவர்கள் இதைக் கவனிக்கலாம். ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கும் தொழிலாளர்களுக்குக் கூலியில் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்தபோது வேலை வேகமானது, பிழையும் குறைந்தது. கடன் கவலை கவனத்தைத் தின்னும் என்பதற்கு இது சான்று. தள்ளிப்போடுகிறவர் எல்லாரும் மனவுறுதி குறைந்தவர் என்ற முடிவுக்கு வருமுன் தூக்கத்தையும் கடனையும் விசாரிப்பது நியாயம். வாரக்கணக்கில் எதிலும் நாட்டமின்றி, எழுந்திருக்கவே முடியாமல் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அரசின் டெலி மானஸ் சேவையை 14416இல் அழைத்து ஆலோசனை பெறலாம்.

கட்டிக்கொள்ளும் ஏற்பாடுகள்

வெளியிலிருந்து ஒரு கட்டு என்பது நம் ஊருக்குப் புதிதல்ல. ஏலச்சீட்டு அப்படிப்பட்டதுதான்: மாதத் தேதி வந்தால் தவணை கட்டியாக வேண்டும், ஆகவே வசூலுக்கும் போயாக வேண்டும். (சீட்டு நிறுவனங்களுக்கு 1982ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் உண்டு, பதிவான சீட்டில் சேர்வதே நல்லது.) ஆயுத பூஜைக்கு முன் பட்டறையைக் கழுவி, துருப்பிடித்த கருவிக்கு எண்ணெய் போடுவதும் ஆண்டுக்கொரு கெடு. ஆண்டு முழுவதும் நடக்காத பராமரிப்பு அந்த இரண்டு நாளில் நடந்துவிடுகிறது.

முன்பணம் வாங்குவது மிக வலுவான கட்டு. பாதிப் பணம் கைக்கு வந்துவிட்டால் வாடிக்கையாளரே மேலாளராகிவிடுகிறார். பெரிய வேலையை மூன்று ஒப்படைப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தேதியும் தொகையும் எழுதிக் கொடுப்பது இதன் அடுத்த படி. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விளக்கிய முறை இதனினும் எளியது: செய்ய வேண்டும் என்று மட்டும் எண்ணாமல், எப்போது, எங்கே என்பதை முன்பே முடிவு செய்வது. “காலையில் கடை திறந்து விளக்கேற்றியதும் நேற்றைய வேலைக்கு பில் போடுவேன்” என்பது போல, தவறாமல் நடக்கும் ஒன்றோடு புதியதைச் சேர்த்துவிட வேண்டும்.

அறைக்குள் தனியே வேலை செய்பவருக்கு இடமாற்றம் உதவும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதி உண்டு. கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம், பகிர்ந்து பணியாற்றும் இடத்தைக் குறைந்த கட்டணத்தில் தருகிறது. இரண்டும் காட்டாங்குளத்தூரிலிருந்து தொலைவு. தென்புறநகரில் இப்படி ஒன்று ரயில் நிலையத்தை ஒட்டி அமைய வேண்டிய தேவை கண்கூடு.

பில்லும் சட்டமும்

தாமதத்துக்குச் சட்டம் விலை வைத்திருக்கிறது. முன்கூட்டி வருமான வரி செலுத்த வேண்டியவர்களுக்குப் பொதுவாக ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15ஆம் தேதி கெடு. தவறினால் மாதம் ஒரு சதவீத வட்டி. மறுபக்கம், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் குறு, சிறு தொழில் செய்பவருக்குத் துணை நிற்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள்ளும், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் வாங்கியவர் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியாகச் சேரும். நாள் எண்ணுவது சரக்கையோ சேவையையோ ஏற்ற நாளிலிருந்து. ஆகவே டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்குவதும், வேலையை எடுக்குமுன்பே இத்தொழில்களுக்கான அரசின் உத்யம் (Udyam) இணையதளத்தில் பதிந்து வைப்பதும் முக்கியம். அந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது.